எதிர்த்திசையில் ஒரு மலைச்சுற்று

எங்கள் தூத்துக்குடியில் உயரமான பொருள் என்று பார்த்தால் உப்புக் குவியலைத்தான் சொல்ல வேண்டும். அதை விட்டால் துறைமுகத்துக் கிரேன். அறுபத்தொன்பது வருடம் இந்தத் தட்டையான ஊரிலேயே இருந்துவிட்ட எனக்கு, சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஜன்னலில் திருவண்ணாமலை மலை தெரிந்தபோது வாயில் போட்ட மக்ரூனைக் கடிக்கவும் மறந்துபோயிற்று.

மற்ற மலைகள் நாலைந்து குன்றுகளை முன்னால் அனுப்பிவிட்டு அப்புறம் மெதுவாக எழும். இது அப்படி இல்லை. வயலும் கரும்பும் செங்கல் சூளையும் இருக்கிற சமவெளியில், சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து நிற்கிறது. பஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவும் கூடவே வந்தது.

பக்கத்து சீட்டு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொத தடவயா? அதாங்க சாமி" என்றார்.

"கோயில் எங்கே இருக்கு? கண்ணுக்குத் தெரியலியே" என்று கேட்டேன்.

"கோயில் ஊருக்குள்ள இருக்குதுங்க. நான் சொல்றது மலைய. மலையேதான் சாமி." சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு பள்ளியில் நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். மலையைப் பார்த்தால் அதைப் படைத்தவரை நினை என்று சொல்லிக் கொடுத்தவள். அன்றும் படைத்தவரைத்தான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் இருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மாதம் ஒரு முறை இந்த வழியில் போகிறவராம். இன்றுதான் முதலில் பார்ப்பதுபோல அப்படி ஒரு சந்தோஷம்.

நான் அந்த ஊருக்குப் போனது மலையைப் பார்க்க அல்ல. காமாட்சியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

காமாட்சியும் நானும் இருபத்தாறு வருடம் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவள் தமிழ். அவளுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கீழ்பென்னாத்தூர். கணவர் சேகருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் எங்கள் ஊருக்கு வந்தவள். எங்கள் நட்பில் நான் பேசுவேன், அவள் கேட்பாள். நான் விறுவிறுவென்று நடப்பேன், அவள் பின்னால் ஆடி அசைந்து வருவாள். முதல் மணி அடித்து, தலைமையாசிரியை வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் அவள் நடை மாறாது. அவளுக்காக நான் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த நேரத்தில் இன்னொரு பட்டம் வாங்கியிருக்கலாம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் சேகர் உடம்பு மோசமாகி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒன்பது நாளும் நான் காமாட்சியோடு இருந்தேன். தினமும் அவருக்காக ஜெபம் பண்ணினேன். அவளையும் என்னோடு முழங்கால் போடச் சொன்னேன். "நீ பண்ணு எஸ்தர், நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்பாள். பத்தாம் நாள் காலையில் சேகர் போய்விட்டார். ஐ.சி.யூ. வாசலில் வைத்து நான் அவளிடம் சொன்னேன்: "நான் சொன்னப்பவே நீயும் முழங்கால் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது."

இதை எழுதவே கை கூசுகிறது. பக்தி என்று நினைத்துத்தான் அன்றைக்குச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். கணவர் உடலோடு கீழ்பென்னாத்தூருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. என் கடிதங்களுக்குப் பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை.

நான் சொன்னது என்ன மாதிரியான வார்த்தை என்று எனக்கு உறைக்க ஐந்து வருடம் ஆனது. போன வருடம் என் கணவர் தனராஜ் மாரடைப்பில் போனார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் சபைப் பெண் ஒருத்தி ஆறுதல் சொல்ல வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கேயோ விசுவாசத்துல குறை இருந்திருக்கும்க்கா, ஆராய்ஞ்சு பாருங்க" என்றாள். நல்ல மனுஷிதான், கையில் கேக்கோடு வந்திருந்தாள். அந்தக் கேக்கை அவள் மேலேயே வீசலாமா என்று இருந்தது எனக்கு. அந்த நிமிஷத்தில்தான் ஐ.சி.யூ. வாசலில் நின்ற காமாட்சியின் முகம் கண்முன் வந்தது.

ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அவர் மன்னிப்பார், அது அவர் சுபாவம். காமாட்சியிடம் கேட்பது மட்டும் பாக்கி இருந்தது. எனக்குச் சர்க்கரையும் மூட்டுவலியும் இருக்கிறது, அவளுக்கு என்னென்ன இருக்கிறதோ. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று கிளம்பிவிட்டேன்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு புது வீட்டு மாடி அறையில் தங்கினேன். வீட்டுக்காரர் குணசுந்தரி, பக்கத்தில் கலெக்டர் ஆபீசில் வேலை. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்கு நேர் பின்னால் மலை. அவர் அதன் பக்கம் திரும்பாமலே துணியைக் காயப்போட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகுதான், நான் கடலைத் திரும்பிப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று யோசித்தேன்.

ஞாயிறு காலை ஊருக்குள் இருக்கும் ஒரு சிறிய ஆலயத்துக்குப் போனேன். எங்கள் சபையில் தலையில் பூ வைத்தால் நாலு பேர் பேசுவார்கள். இங்கே எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் கொண்டையில் ஒரு முழம் மல்லிகை. ஆராதனை முழுக்க அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபம் நன்றாகத்தான் ஏறியது. வெளியே வந்ததும் போதகர், "என்ன விஷயமா வந்திருக்கீங்கம்மா?" என்று கேட்டார். ஒரு இந்து சிநேகிதியிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். அவர், "எனக்கும் ஒருத்தர் இருக்காருங்க" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை.

வருகிற வழியில் பெரிய கோயிலின் ராஜகோபுரத்துக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். கணக்கு டீச்சர் புத்தி, நிலைகளை எண்ணத் தொடங்கினேன். பதினொன்று வருவதற்குள் கழுத்து வலித்தது. உள்ளே போகவில்லை. வாசலில் நின்று பார்த்ததே போதுமாக இருந்தது. இவ்வளவையும் கைகளால் தூக்கி வைத்த மனிதர்களை நினைத்து அப்படியே நின்றேன். ஆட்டோக்காரர்தான், "அம்மா, டிராபிக் போலீஸ் பாக்கறாரு" என்று கூப்பிட்டார்.

திங்கட்கிழமை கீழ்பென்னாத்தூர். பாதி வழியில் பஸ் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் குனிந்து பார்த்தார். கண்டக்டர் இறங்கி டிரைவரைப் பார்த்தார். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நாலு பேர் சத்தம் போட்டிருப்பார்கள். இங்கே எல்லோரும் வேப்பமரத்து நிழலுக்குப் போய் நின்றுகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சரக்கு வேன் வர, கண்டக்டர் கை காட்டி, என்னையும் இன்னும் மூன்று பெண்களையும் மூட்டைகளின் மேல் ஏற்றிவிட்டார்.

"மூட்டையில என்ன, கடலையா?" என்று கேட்டேன்.

"மல்லாட்டங்க" என்றார் ஒருத்தர். அதைத்தான் நானும் கேட்டேன் என்று எனக்குப் புரியக் கொஞ்ச தூரம் ஆனது.

"இந்த வருஷம் வெளச்சல் கம்மி, வேல ஜாஸ்தி" என்றார் இன்னொருத்தர்.

"போன வருஷமும் இதத்தான சொன்ன" என்றார் முதலாமவர். வேன் முழுக்கச் சிரிப்பு.

காமாட்சியின் அண்ணன் மகன் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் வயலுக்குப் போயிருந்தார். மனைவி வசந்தி என்னை உட்காரவைத்து, அவித்த மல்லாட்டையை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். நான் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"தூத்துக்குடி டீச்சரா? நீங்கதானா அது?"

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மல்லாட்டையை உரிப்பதில் மும்முரமானேன்.

"அத்தை இங்க இல்லீங்க. மலைகிட்டயே ரூம் எடுத்துகினு போய்ட்டாங்க, ரெண்டு வருஷமாச்சு. ரூம் எங்கனு எங்களுக்கே காட்டல. போனையும் எம் பொண்ணுகிட்ட குடுத்துட்டாங்க. அவங்களா எப்பனா வந்தா உண்டு."

இவ்வளவு தூரம் வந்தது வீண்தானா என்று நினைத்தேன்.

"ஆனா செவ்வாக்கெழமைல காலையில தவறாம மலை சுத்துவாங்க. பதினாலு கிலோமீட்டரும் நடந்துதான். எங்க ஆரம்பிக்கறாங்கனு தெரியாது. எங்க ஆரம்பிச்சாங்களோ அங்க வந்து முடிக்கற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாங்க. நாம கூப்டாலும் பதில் வராது, பாத்துக்கங்க."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆண்டவர் சில விஷயங்களை நேரம் பார்த்துத்தான் செய்கிறார்.

அன்று சாயங்காலம் குணசுந்தரி எனக்கு வேண்டியதையெல்லாம் சொன்னார். விடியும்போதே கிளம்ப வேண்டும், வெறுங்காலில் நடக்க வேண்டும், சர்க்கரை இருப்பதால் வேண்டுமானால் ஷூ போட்டுக்கொள்ளலாம், குரங்கு இருக்கிற இடத்தில் பையைத் திறக்கக் கூடாது. எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. சோற்றை வாயில்தான் வைக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்களா? நானும் கேட்கவில்லை.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு முன்பே ஆட்டோக்காரர் என்னை ஈசானிய லிங்கத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார். மலையைச் சுற்றி எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கக் கோயில்கள் உண்டு, வேங்கிக்காலுக்குக் கிட்டே இருப்பது இது. ஒரு பக்கம் ஊருக்குள் போகும் சாலை, ஹாரன் சத்தம். இன்னொரு பக்கம் மேற்கே போகும் சாலை. சூரியன் வந்தால் முதுகில் அடிக்கும், முகத்தில் அடிக்காது என்று கணக்குப் போட்டு, ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டு மேற்கே நடந்தேன். மலை என் இடது பக்கம் இருந்தது.

பத்து நிமிஷத்தில் எதிரே வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். ஏதோ வணக்கம் போலிருக்கிறது என்று நானும் பதிலுக்கு ஒரு வட்டம் போட்டேன். அடுத்து மூன்று கல்லூரிப் பெண்கள், "பாட்டி, திரும்புங்க" என்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒன்றும் இல்லை. அதற்கடுத்து ஓர் ஆந்திரக் குடும்பம், பத்துப் பேர். அந்த வீட்டு மூத்த அம்மா என்னை நிறுத்தித் தெலுங்கில் என்னவோ சொன்னார். கூட வந்தவர் தமிழாக்கினார்: "இப்படி வந்தால் சாமியை இடது பக்கம் விட்டுவிட்டுப் போகிறீர்கள், பாவம், யாரும் சொல்லித் தரவில்லையா என்று கேட்கிறார்."

அப்போதுதான் கவனித்தேன். சாலையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் எதிரே போய்க்கொண்டிருந்தேன். சாமியை வலது கைப்பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும் என்பது இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அறுபத்தொன்பது வயது ஞாயிறு பள்ளி டீச்சருக்குத் தெரியவில்லை.

வெட்கமாகப் போய்விட்டது. திரும்பிவிடலாம் என்று ஓரடி வைத்தேன். அந்த ஓரடியிலேயே பழைய கணக்கு டீச்சர் விழித்துக்கொண்டாள். எல்லோரும் போகும் திசையில் நானும் போனால் முதுகுகளைத்தான் பார்ப்பேன். காமாட்சி எனக்கு ஒரு பர்லாங்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாலும் கடைசிவரை கண்ணில் படாமலே போகலாம். எதிரே நடந்தால் இந்தச் சாலையில் வருகிற ஒவ்வொரு முகமும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆனாலும் பிறர் பக்தியைக் கெடுக்கிறோமோ என்று உறுத்தல். பிறர் பக்தியில் தலையிடுவது எனக்குப் பழைய வியாதி அல்லவா. குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் மோர் விற்ற அம்மாவிடம் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "நான் கிறிஸ்டியன்மா. ஒருத்தங்களைத் தேடி வந்தேன். இப்படி எதிரே நடந்தா தப்பா? சாமி கோவிச்சுக்குமா?" என்று நேராகக் கேட்டேன்.

அவர் என் ஷூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "சாமிக்கு ஒண்ணும் ஆவாதும்மா. வர்றவங்க மேல இடிக்காம ஓரமா போங்க. தேடறவங்க கெடைக்கட்டும்" என்றார்.

ஓரமாக நடந்தேன். அதன் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆலயத்தில் நாங்கள் எல்லோரும் பீடத்தைப் பார்த்து உட்காருவோம். எனக்கு முன்னால் இருப்பவரின் கொண்டையும் பிடரியும்தான் எனக்குத் தெரியும். ஜெபிக்கிற மனிதர்களின் முகம் எப்படி இருக்கும் என்பது போதகருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அவரும் பாதி நேரம் கண்ணை மூடியிருப்பார். அன்று காலை ஒரு சாலை நிறைய ஜெபிக்கிற முகங்கள் என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தன. உதடு மட்டும் அசையும் முகம். அழுது முடித்த முகம். கடன்காரனிடம் வாதாடுவதுபோலக் கையை ஆட்டி ஆட்டி மலையிடம் பேசிக்கொண்டு வந்த ஒரு தடித்த மனிதர். மனைவியின் தோளில் கை வைத்து நடந்த பார்வையற்ற ஒருவர், மலை பக்கமாகத் தலையைச் சாய்த்து, வெயில் அடிப்பதை உணர்வதுபோல. கைக்குழந்தையின் முகத்தை மலை பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு வந்த ஒரு தாய். யாரும் யாருக்காகவும் முகத்தைச் சரிசெய்துகொள்ளவில்லை. எதிரே ஒருத்தி வந்து பார்ப்பாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லையே.

இத்தனை வருடம் இவர்களுக்காக ஜெபித்திருக்கிறேன், கூட்டம் கூட்டமாக, "இருளில் இருக்கிற ஜனங்கள்" என்று. இந்த முகங்களில் எதையும் இருள் என்று சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. என் கர்த்தர் என் கர்த்தர்தான், அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அவருடைய வேலை நான் நினைத்ததைவிடப் பெரியது என்று மட்டும் தோன்றியது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வரி ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். "ஆண்டவரே, இவர் கேட்பதைக் கொடும்." முகங்கள் வேகமாக வந்தன, என் ஜெபம் பின்தங்கியது. கடைசியில் "இவருக்கும், இவருக்கும், இவருக்கும்" என்று சுருக்கிக்கொண்டேன்.

வட்டம் போட்டுக் காட்டியவர்கள் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இருபது பேராவது என்னைத் திருப்பப் பார்த்திருப்பார்கள். கோபமாக ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

அடி அண்ணாமலை ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் மரம் அடர்ந்த சாலையில் மயில் ஒன்று அகவியது. நிமிர்ந்து பார்த்தேன். பழைய ஆடி அசைகிற நடை. தலை முழுக்க வெளுத்துவிட்டது, உடம்பு பாதியாகிவிட்டது. நடை மட்டும் அப்படியே இருந்தது. வெறுங்காலில், தலையைக் குனிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு காமாட்சி வந்தாள்.

"காமாட்சி" என்றேன்.

நின்றாள். கண் விரிந்தது. வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"தெரியும், வசந்தி சொன்னா. நீ பேச வேண்டாம். நான்தான் பேசணும்." தூத்துக்குடியில் இருந்து தயார் பண்ணிக்கொண்டு வந்த வாக்கியம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "நான் அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொன்னது தப்பு. பெரிய தப்பு. நீ முழங்கால் போடாததால சேகர் சாகல. அப்படிச் சொல்ல நான் யாரு? ஆண்டவர் பேரைச் சொல்லி உன்னைக் குத்திட்டேன். தனராஜும் போயிட்டாரு காமாட்சி. போன வருஷம். அப்ப ஒருத்தி வந்து அதையே எங்கிட்ட சொன்னா. அப்பதான் தெரிஞ்சுது. என்னை மன்னிச்சிரு."

நடுரோட்டில் நின்று அழுதேன். நடந்துகொண்டிருந்தவர்கள் ஆற்றில் கல்லைச் சுற்றிப் போகும் தண்ணீர் மாதிரி எங்களைச் சுற்றிப் போனார்கள்.

அவள் மனதில் இருப்பதை முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. தனராஜ் பெயரைச் சொன்னபோது மட்டும் கண் கலங்கியது. அவள் வந்த வழியையும், நான் வந்த வழியையும் மாறிமாறிப் பார்த்தாள். நான் அவளோடு திரும்பி நடக்கத் தயாராக ஒரு காலை எடுத்து வைத்தேன். அவள் தலையை அசைத்தாள். என் தோளைப் பிடித்து, நான் வந்த திசைக்கே முகத்தை மறுபடி திருப்பிவிட்டாள். போ என்று கையால் காட்டினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தன் வழியே நடந்தாள்.

காலையில் இருந்து என்னை நின்று பார்த்தவர்களில் என்னைத் திரும்பச் சொல்லாதவர்கள் இரண்டே பேர். மோர்க்கார அம்மா ஒருத்தர், இவள் ஒருத்தி. நான் எந்த வழியில் வந்தேனோ அந்த வழியிலேயே என்னைப் போகச் சொல்கிறாள். இருபத்தாறு வருடமும் இவள் என்னிடம் அப்படித்தான் இருந்தாள். நான்தான் அவளைத் திருப்பத் திருப்பப் பார்த்தேன்.

ஆனால் மன்னித்தாளா? அது தெரியவில்லை. போய்த் தொலை என்று சொன்னதாகவும் இருக்கலாமே.

நடந்தேன். இப்போது கணக்கு ஒன்றுதான் துணை. ஒரு வட்டத்தில் எதிரெதிராக நடக்கும் இருவர் ஒரு முறை சந்தித்தால் மறுபடி சந்தித்தே ஆக வேண்டும். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடந்தால் நேர் எதிர்ப்பக்கத்தில், அதாவது பெரிய கோயில் பக்கம். அவள் நடைக்கு அதையும் தாண்டி, நான் ஆரம்பித்த ஈசானியம் பக்கம்தான் இருக்கும். அங்கே பார்த்தாலும் அவள் சுற்று முடிந்திருக்குமா, எங்கே முடியும், தெரியாது. பேசாமல் தலையைக் குனிந்து மறுபடி தாண்டிப் போய்விட்டால்? அதற்கு மேல் எனக்கு இன்னொரு சந்திப்பு கிடையாது.

வருண லிங்கம், நிருதி லிங்கம் எல்லாம் எப்படிப் போயிற்று என்று சொல்ல எனக்கு நினைவில்லை. வலது குதிகாலில் கொப்புளம். வழியில் ஒரு குடும்பம் தொன்னையில் பொங்கல் கொடுத்தது. நின்றால் அவளை விட்டுவிடுவேனோ என்று நடந்துகொண்டே சாப்பிட்டேன். மிளகும் நெய்யுமாக அப்படி ஒரு ருசி. "கிரிவலம் எங்கயும் போய்டாது, நின்னு சாப்டுங்கம்மா" என்றார் கொடுத்தவர். கையை ஆட்டிவிட்டு நடந்தேன். எதிரே முகங்கள் வந்துகொண்டே இருந்தன. "இவருக்கும், இவருக்கும்" என்றேன். இடையிடையே "எனக்கும்" என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.

செங்கம் சாலைக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஆட்டோக்கள், டீக்கடைகள், ஆசிரமத்து வாசலில் வெளிநாட்டுக்காரர்கள். பெரிய கோயிலுக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. ஆகவே நான் அவளை எதிர்பார்க்கவே இல்லை. தென்கிழக்கு மூலை அக்னி லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், எதிரே ஒரு வெள்ளைத் தலை அரக்கப்பரக்க வந்துகொண்டிருந்தது.

காமாட்சிதான். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். ரவிக்கை வியர்வையில் நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்து, வாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு வந்தாள். முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடை மாறாதவள், ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

என் முன்னால் வந்து நின்று, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி மூச்சு வாங்கினாள். நிமிர்ந்தாள்.

"தனராஜ் அண்ணன் எப்ப போனாரு? என்னாச்சு அவருக்கு?"

பேசிவிட்டாள். நான் பதறி, "ஐயோ, உன் சுத்து?" என்றேன்.

அவள் திரும்பி, பின்னால் இருந்த அக்னி லிங்கத்தைக் காட்டினாள். "அங்கதான் ஆரம்பிச்சேன். இப்பதான் முடிஞ்சுது. உங்கிட்ட வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ஓடியாந்தேன். இல்லனா மறுபடியும் உன்ன வாய மூடிகினு தாண்டிப் போவணுமே."

எனக்கு நின்ற இடத்திலேயே கணக்குப் புரிந்தது. அவள் வழக்கமான நடையில் வந்திருந்தால் நாங்கள் பெரிய கோயில் பக்கமோ அதற்கும் அப்பாலோ எதிர்ப்பட்டிருப்போம். அப்போது அவளுக்குச் சுற்றில் மீதி இருந்திருக்கும், பேசியிருக்க முடியாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காக அறுபத்தெட்டு வயதில், வெறுங்காலில், மலையின் பாதிச் சுற்றை ஓடி வந்திருக்கிறாள்.

ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். தனராஜின் கடைசி நாளை ஆரம்பத்தில் இருந்து சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தை பேசாமல், பழையபடி கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் நான், "நீ இன்னும் பதில் சொல்லலியே" என்றேன்.

"என்ன சொல்றது?" என்றாள். "நீ சொன்னத நான் மறக்கல எஸ்தர். மறக்கவும் மாட்டேன். ஆறு வருஷமா செவ்வாக்கெழம வாய மூடிகினு சுத்தறேனே தவிர, உள்ளுக்குள்ள உங்கூட சண்ட போட்டுகினேதான் சுத்தறேன். இன்னிக்கும் சண்ட போட்டுகினுதான் வந்தேன். நிமுந்து பாத்தா எதுத்தாப்புல நீயே வர்ற, அதுவும் தப்புப் பக்கமா." சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒம்பது நாளு பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? நீதான. அதயும் நான் மறக்கல. போதுமா?"

போதும் என்றேன். வேறு என்ன சொல்ல? ஸ்தோத்திரம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். அவளும் மலையைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தாள். டீ வந்தது.

குடித்துவிட்டு நான் ஆட்டோ பிடிக்கக் கை நீட்டினேன். காமாட்சி என் கையைத் தட்டிவிட்டாள்.

"எங்க ஆரம்பிச்ச நீ?"

"ஈசானிய லிங்கத்துக்கிட்ட."

"அப்ப இன்னும் மிச்சம் இருக்குதுல்ல. அரகொறயா உடக் கூடாது. வா, நானும் வரேன்."

மறுபடி மலையை இடது பக்கம் வைத்துக்கொண்டு நடந்தோம், இந்த முறை இரண்டு பேர். அவள் தன் பழைய நடைக்குத் திரும்பிவிட்டாள், கொப்புளத்தால் நானும் அதற்குச் சரியாக நடந்தேன். அக்னி லிங்கத்தைத் தாண்டும்போது வாசலில் பூ விற்கிற பெண் காமாட்சியைப் பார்த்துத் திகைத்துப்போய்க் கையில் இருந்த சரத்தைக் கீழே வைத்தாள்.

"டீச்சரம்மா! என்ன நீங்களே இப்டி எதுத்தாப்புல வர்றீங்க?"

"எனக்கு முடிஞ்சிடுச்சும்மா" என்றாள் காமாட்சி, நடையை நிறுத்தாமல். "இவங்களுக்கு இன்னும் முடியல."